கணக்கும் எழுத்தும் வராத பிள்ளைக்கு வீட்டில் படிப்பித்தல்

“பாதர், இவனுக்குப் படிப்பு ஏறாது. ஆறாம் வகுப்புக்கு வந்திட்டான், பேரைக்கூடப் பிழையில்லாமல் எழுதமாட்டான். மறிச்சு வயலுக்கு விடட்டோ?”

தம்பலகாமத்தில் ஒரு தாய் என்னிடம் கேட்ட கேள்வி இது. பையன் பக்கத்தில் நின்று கால் விரலால் மண்ணைக் கீறிக்கொண்டிருந்தான். கொப்பியைத் தரச் சொல்லி, நூற்றைந்து எழுது என்றேன். 1005 என்று எழுதினான். தொண்ணூறு எழுது என்றேன். நெடுநேரம் யோசித்துவிட்டு 900 என்று எழுதினான். தாய் என்னைப் பார்த்து, “பாத்தியளே?” என்றார்.

கொப்பியை மூடிவிட்டு, திண்ணையில் அடுக்கியிருந்த நெல்மூடைகள் எத்தனை என்று கேட்டேன். ஒவ்வொன்றாக எண்ணாமலே, “அஞ்சு வரிசை, வரிசைக்கு நாலு, மேல ஒண்டு. இருபத்தொண்டு” என்றான். கணக்குத் தெரியாத பிள்ளையின் மறுமொழியா இது? அவனுக்குக் கணக்குத் தெரியும். கணக்கைத் தாளில் வைக்கத்தான் தெரியாது. இந்த வேறுபாட்டை விளங்கிக்கொண்டால், வீட்டில் செய்யவேண்டிய வேலையில் பாதி விளங்கிவிடும்.

அவன் விட்ட பிழைகளையே எடுத்துப் பாருங்கள். நூறு என்று காதில் விழுகிறது, 100 எழுதுகிறான். ஐந்து என்று விழுகிறது, அதன் பக்கத்தில் 5 எழுதுகிறான். கேட்டதைக் கேட்ட ஒழுங்கில் எழுதியிருக்கிறான், அவ்வளவுதான். தொண்ணூறிலே குற்றம் அவனுடையதுமல்ல, நமது மொழியினுடையது. இருபது, முப்பது, நாற்பது என்று எண்பதுவரை ‘பது’ என்று முடிந்து வந்த பெயர், தொண்ணூறில் திடீரென்று ‘நூறு’ என்று முடிகிறது. தொள்ளாயிரத்திலும் இதே கதைதான். அங்கே ‘ஆயிரம்’ வந்து நிற்கிறது. யோசிக்கிற பிள்ளைதான் இதில் தடுமாறும். கண்ணை மூடிக்கொண்டு பாடமாக்குகிற பிள்ளை தடுமாறாது.

பிள்ளை பின்தங்குவதற்குக் காரணங்கள் பல. எல்லாவற்றுக்கும் ஒரே மருந்து இல்லை. முதலில் காரணத்தைப் பிரித்தறிய வேண்டும்.

நமது பகுதியில் முதற் காரணம், விடுபட்ட பள்ளிக்கூடம். 1990 யூனில் இந்த ஊர்களிலிருந்து சனங்கள் எழும்பி ஓடினார்கள். சிலர் முகாம்களில் இருந்தார்கள், சிலர் தமிழ்நாட்டுக்குப் போனார்கள். 2006இல் சம்பூர், மூதூர் கிழக்கு மக்கள் மட்டக்களப்புவரை நடந்தார்கள். அந்தக் காலத்தில் மரத்தடியில் பாதி, கொட்டிலில் பாதி என்று படித்த பிள்ளைகள்தான் இன்று தாய் தகப்பன்மார். தமக்கு விடுபட்டதைத் தம் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்க அவர்களால் இயலவில்லை. இதன்மேல் 2020இலும் 2021இலும் கொரோனா காரணமாகப் பாடசாலைகள் நீண்ட காலம் மூடப்பட்டன. 2022இல் எரிபொருள் இல்லாமல் மறுபடியும் நாட்கள் போயின. முதலாம், இரண்டாம் தரங்களில் இருக்க வேண்டிய காலத்தில் வீட்டில் இருந்த பிள்ளை, எழுத்தை ஒழுங்காகக் கற்காமலே மேல்வகுப்புக்கு ஏற்றப்பட்டது. அத்திவாரம் போடாத வீட்டுக்குக் கூரை போட்ட மாதிரி.

இரண்டாவது காரணம் கண்ணும் காதும். கரும்பலகை தெளிவாகத் தெரியாத பிள்ளை தனக்குத் தெரியவில்லை என்று சொல்லாது. எல்லாருக்கும் உலகம் அப்படித்தான் தெரிகிறது என்று நினைத்துக்கொண்டிருக்கும். காதில் அடிக்கடி சீழ் வடிகிற பிள்ளைக்கு ‘பல்’லுக்கும் ‘பள்’ளுக்கும் வித்தியாசம் கேட்காது. பாடசாலை வைத்தியப் பரிசோதனையின்போது பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் இதைச் சொல்லலாம். அதுவரை காத்திராமல் வைத்தியசாலைக்குக் கொண்டுபோய்க் காட்டுவது இன்னும் நல்லது. அடி போட்டும் படிக்காத ஒரு பெண்பிள்ளை கண்ணாடி போட்ட பிறகு வாசிக்கத் தொடங்கியதை நான் பார்த்திருக்கிறேன். அத்தனை அடியும் வீண் அடி.

மூன்றாவது, பிறவியிலேயே உள்ள கற்றல் இடர்பாடு. புத்தியில் குறைவில்லாத பிள்ளைக்கும் எழுத்தை ஒலியோடு பொருத்துவது பெரும் பாடாக இருக்கலாம். 1896ஆம் ஆண்டு இங்கிலாந்தில் பிரிங்கிள் மோர்கன் என்ற வைத்தியர், 14 வயதுப் பையன் ஒருவனைப் பற்றி ஒரு வைத்திய இதழில் எழுதினார். கெட்டிக்காரப் பையன், விளையாட்டிலும் பின்நிற்காதவன், ஆனால் வாசிக்க முடியவில்லை. பாடத்தை வாயால் மட்டும் நடத்தினால் பள்ளியிலே இவன்தான் முதல்வனாக வருவான் என்பது அவனுடைய ஆசிரியரின் எண்ணம். இதை டிஸ்லெக்சியா என்பார்கள். எண்களில் இதே போன்ற இடர்பாட்டுக்கு டிஸ்கல்குலியா என்று பெயர். இது சோம்பலுமல்ல, மொக்குத்தனமுமல்ல, தாய் தகப்பன் செய்த பாவத்தின் பலனுமல்ல. முற்றாக மாறிவிடாது. ஆனால் பொறுமையாக, ஒழுங்காகப் படிப்பித்தால் வாசிக்கவும் எழுதவும் வரும்.

விடுபட்ட பள்ளியா, பிறவி இடர்பாடா என்று வீட்டில் நிச்சயமாகச் சொல்ல முடியாது. சில மாதங்கள் நாள்தோறும் ஒழுங்காகப் படிப்பித்துப் பாருங்கள். விடுபட்டதால் பின்தங்கிய பிள்ளை ஓட்டமாக முன்னேறும். அப்படியும் அதே எழுத்துகளில் அதே இடத்தில் தடுக்கி விழுந்தால், பாடசாலை அதிபரிடமோ வலயக் கல்வி அலுவலகத்திலோ விசேட கல்வி ஆசிரியரைப் பற்றி விசாரியுங்கள்.

ஒரு விடயத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன். வீட்டில் படிப்பிப்பது என்றால் பாடசாலையை மறிப்பது என்று அர்த்தமல்ல. இலங்கையில் 1998 முதல் 5 வயதிலிருந்து 14 வயதுவரை பாடசாலைக் கல்வி கட்டாயம். 2016இல் அது 16 வயதுவரை கூட்டப்பட்டது. பிள்ளையின் பெயர் இடாப்பிலே இருக்கட்டும். இடம் மாறுகிற குடும்பங்கள் பாடசாலை விடுகைப் பத்திரத்தையும் பிறப்புச் சான்றிதழையும் உறுதி, அனுமதிப்பத்திரங்களோடு ஒரே உறையில் போட்டு வையுங்கள்.

இனி, எங்கிருந்து தொடங்குவது? பிள்ளை எந்த வகுப்பில் இருக்கிறதோ அங்கிருந்து அல்ல, பிள்ளை எந்த இடத்தில் நிற்கிறதோ அங்கிருந்து. இந்தியாவில் பிரதம் என்ற அமைப்பு 2005 முதல் கிராமம் கிராமமாக வீடுகளுக்குப் போய்ப் பிள்ளைகளைச் சோதித்துப் பார்த்தது. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளில் ஏறத்தாழப் பாதிப்பேர் இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்க முடியாமல் இருந்தார்கள். ஆகவே நமது பிள்ளை தனிப்பிறவி அல்ல. அவர்களுடைய சோதனை மிகவும் எளிது. அதை நீங்களும் செய்யலாம். முதலில் சில எழுத்துகள், பிறகு ‘மரம்’, ‘வீடு’ போன்ற சொற்கள், பிறகு நாலு வசனம், பிறகு ஒரு சிறு கதை. பிள்ளை எந்தப் படியில் நிற்கிறதோ அதுதான் தொடங்கும் இடம். கணக்கிலும் அப்படியே: ஒன்று முதல் ஒன்பது, பிறகு இரண்டிலக்க எண்கள், பிறகு கழித்தல், பிறகு பிரித்தல். ஆறாம் வகுப்புப் பிள்ளை முதலாம் படியில் நின்றால் வெட்கப்பட ஒன்றுமில்லை. அயலவர் முன்னால் சோதிக்காமல் இருந்தால் போதும்.

கணக்குக்குக் கடையில் எதுவும் வாங்க வேண்டாம். தென்னோலை ஈர்க்கைச் சாண் அளவாக முறித்து, பத்துப் பத்தாக நாரினால் கட்டுங்கள். பத்துக் கட்டுகளைச் சேர்த்து ஒரு பெருங்கட்டு. இதுதான் நூறு. ‘நூற்றைந்து’ என்றால் ஒரு பெருங்கட்டு, சிறுகட்டு இல்லை, தனி ஈர்க்கு ஐந்து. நிலத்தில் மூன்று கோடு கீறி, பெருங்கட்டை இடப்பக்கமும், சிறுகட்டை நடுவிலும், தனி ஈர்க்கை வலப்பக்கமும் வைக்கச் சொல்லுங்கள். நடுவிடம் வெறுமையாக இருக்கும். அந்த வெறுமைக்குத்தான் சைபர் போடுகிறோம். நான் மேலே சொன்ன பையன் அதைப் பார்த்துவிட்டு, “அப்ப சைபர் எண்டது ஆள் இல்லாத வீடு” என்றான். நான் அவனுக்குச் சொல்லிக்கொடுக்காத விளக்கம் அது. ஆள் இல்லாத வீடுகளை நிறையக் கண்ட பிள்ளை.

தொண்ணூறுக்கு ஒன்பது சிறுகட்டு. கையால் வைத்துப் பார்த்தபின் பெயர் எப்படிக் கேட்டாலும் ஏமாறாது. கழித்தலில் ‘கடன் வாங்குதல்’ என்று பாடசாலையில் சொல்வது பல பிள்ளைகளுக்கு விளங்குவதில்லை. 42இலிருந்து 17ஐ எடுக்க வேண்டும். கையில் நாலு கட்டும் இரண்டு ஈர்க்கும் இருக்கின்றன. இரண்டிலிருந்து ஏழை எடுக்க முடியாது. ஒரு கட்டை அவிழ்க்கிறோம். இப்போது மூன்று கட்டு, பன்னிரண்டு ஈர்க்கு. ஒரு கட்டையும் ஏழு ஈர்க்கையும் எடுத்தால் இரண்டு கட்டும் ஐந்து ஈர்க்கும் மிச்சம், 25. கடனும் இல்லை, வட்டியும் இல்லை, கட்டை அவிழ்த்ததுதான். பல நாட்கள் ஈர்க்கால் செய்தபின், ஈர்க்கையும் எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் செய்ய வேண்டும். கடைசியில்தான் வெறும் எண். இந்த ஒழுங்கைக் குழப்பாதீர்கள். அவசரப்பட்டு ஈர்க்கைப் பறிக்கிற தகப்பன்மார்தான் அதிகம்.

எழுத்துக்கு வருவோம். தமிழில் 247 எழுத்து என்று சொல்லிப் பிள்ளையைப் பயமுறுத்தாதீர்கள். 12 உயிரும் 18 மெய்யும் தெரிந்தால், மீதியில் பெரும்பகுதி அவற்றின் சேர்க்கை. அ, ஆ என்று முழு நெடுங்கணக்கையும் முடித்தபின்தான் சொல்லுக்குப் போக வேண்டும் என்பதும் இல்லை. எழுத இலகுவான ட, ப, ம என்ற மூன்றையும் எடுத்தாலே ‘படம்’, ‘பட்டம்’, ‘மடம்’ என்று சொற்கள் வந்துவிடும். சொல் வந்தால் பிள்ளைக்கு ருசி வரும்.

பின்தங்கிய பிள்ளைகள் தடுக்கி விழுகிற இடங்கள் சில உண்டு. ‘ர’வும் துணைக்காலும் ஒன்றுபோலத் தெரியும். ‘கெ’, ‘கே’, ‘கை’ என்பவற்றில் பின்னால் ஒலிக்கிற உயிரின் குறியை முன்னால் எழுதுகிறோம். ‘கொ’வில் குறி இரண்டு பக்கமும் நிற்கிறது. சொல்லும்போது ஒன்று, எழுதும்போது இன்னொன்று. ‘வாறன்’ என்று பேசிவிட்டு ‘வருகிறேன்’ என்று எழுத வேண்டும். ஆகவே முதலில் பிள்ளை பேசுகிறபடியே எழுதட்டும். ‘மாடு வாய்க்காலுக்க நிக்குது’ என்று எழுதினால் அதை வெட்டிச் சிவப்புக் கோடு போடாதீர்கள். எழுத்துத் துணிவு வந்தபின் புத்தகத் தமிழைப் பழக்கலாம்.

புதிய எழுத்தை ஒரு கிழமைக்கு இரண்டு மூன்றுக்குமேல் கொடுக்க வேண்டாம். கொப்பிக்கு முன் மணல். திண்ணைப் பள்ளியில் நமது பாட்டன்மார் மணலில் விரலால் எழுதியது காசில்லாத குறையால் மட்டும் என்று நினைத்திருந்தேன். விரல் உணர்வும் கண்ணும் வாயும் ஒன்றாக வேலை செய்வதுதான் இடர்பாடுள்ள பிள்ளைக்கு உகந்தது என்பதைப் பிறகுதான் படித்தேன். பெரிதாக எழுதி, எழுதும்போதே ஒலியைச் சத்தமாகச் சொல்ல வேண்டும். பிழைத்தால் கையால் அழித்துவிடலாம். கொப்பியில் விட்ட பிழை அடுத்த நாளும் பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

நேரம் எவ்வளவு? அரை மணித்தியாலம் போதும், நாள்தோறும் இருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மூன்று மணித்தியாலம் வைத்துப் பிள்ளையை வறுத்தெடுப்பதில் பயனில்லை. பசித்த பிள்ளைக்கும் படிப்பிக்காதீர்கள்.

“நமக்கே வாசிக்கத் தெரியாது, என்ன செய்வது?” என்று சிலர் கேட்பீர்கள். ஈர்க்குக் கணக்குக்கு வாசிப்பு வேண்டாம். எழுத்துக்கு, சாதாரண தரம் படித்த அக்காவோ அயல்வீட்டுத் தம்பியோ நாலைந்து பிள்ளைகளை ஒரு திண்ணையில் சேர்த்துக்கொள்ளலாம். தமிழ்நாட்டில் 2021 ஒக்டோபரில் ‘இல்லம் தேடிக் கல்வி’ என்று அரசு தொடங்கியது இதைத்தான். கொரோனாவால் விடுபட்டதை ஈடுசெய்ய, ஊரிலுள்ள படித்தவர்கள் மாலையில் ஓரிரண்டு மணித்தியாலம் பிள்ளைகளோடு இருந்தார்கள். நமது பகுதியிலும் 2002 போர்நிறுத்தத்துக்குப் பிந்திய ஆண்டுகளில் யுனிசெப் உதவியோடு இப்படி ஈடுசெய்யும் வகுப்புகள் நடந்தன. வகுப்பால் அல்ல, படியால் பிள்ளைகளைப் பிரித்து இருத்துங்கள். ஆறாம் வகுப்புப் பெரியவனை மூன்றாம் வகுப்புச் சிறியவனோடு இருத்தினால் கேலி வரும். அவனுக்கு ஈர்க்குக் கட்டுகிற வேலையைக் கொடுத்து உதவி ஆசிரியனாக்கிவிட்டால் வராது.

இதெல்லாம் சோதனையில் சித்தியடைவதற்கு மட்டும் என்றால் நான் இவ்வளவு எழுதியிருக்கமாட்டேன். மூடைக்கு 2 கிலோ கழிவு என்று நெல் வியாபாரி சொன்னால், 12 மூடைக்கு 24 கிலோ போகிறது. ஒரு புசல் நெல் ஏறத்தாழ 21 கிலோ. ஒரு புசலுக்கு மேல் கழிவாகப் போகிறது என்று அந்த இடத்திலேயே சொல்லக்கூடிய பிள்ளை வீட்டில் வேண்டாமா? காணி அலுவலாகக் கடிதம் வந்தால், எழுதியிருப்பதை வாசித்துவிட்டுத்தான் கையொப்பம் வைக்க வேண்டும். வாசிக்காமல் வைத்த கையொப்பத்தால் வருடக்கணக்காகக் காரியாலயங்களுக்கு அலைகிறவர்களை நீங்களும் அறிவீர்கள்.

வெட்டுக் காலத்தில் படிப்பு நின்றுவிடுகிறது என்பது உண்மைதான். அந்த நாட்களில் பாடத்தை விட்டுவிடுங்கள். மூடைக் கணக்குக் கொப்பியைப் பிள்ளையின் கையில் கொடுங்கள். எந்த வயல், எத்தனை மூடை, எத்தனை கிலோ, யாருக்குக் கொடுத்தது என்று அது எழுதட்டும். இரவில் ஈர்க்குக் கட்டோடு ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். அந்தத் தாயும் மகனை வயலுக்கு விட்டார், பாடசாலை இல்லாத நாட்களில், கொப்பியும் பென்சிலும் கொடுத்து. முதல் நாள் ‘வயல்’ என்பதை ‘வயள்’ என்று எழுதியிருந்தான். 105 சரியாக இருந்தது.