பழைய ரம்ப மேசை: வாங்கும் முன் பின்பக்கம் பாருங்கள்

மரக்கடையோ மரச்சாமான் கடையோ நடத்தும் நம் அங்கத்தினர் பலரின் கொல்லைக் கொட்டகையில் ஒரு ரம்ப மேசை இருக்கும். வாடிக்கையாளர் கேட்ட அளவில் ரீப்பர் கிழித்துக் கொடுக்கவும், பலகையின் ஓரத்தை நேராக்கவும் அதுதான் துணை. சிலர் ஆங்கிள் இரும்பில் உள்ளூர்ப் பட்டறையிலேயே செய்து வாங்குகிறார்கள். வேறு சிலருக்குப் பழைய வார்ப்பிரும்பு இயந்திரம் என்றால் தனி மோகம். அண்மையில் அப்படி ஒன்றை விலை பேசப் போன நண்பர் என்னையும் அழைத்துச் சென்றார். மேசையைத் தட்டிப் பார்த்தார். மோட்டாரை ஓடவிட்டுச் சத்தம் கேட்டார். பிளேடுக்குப் பின்பக்கம் மட்டும் அவர் குனிந்து பார்க்கவே இல்லை.

காரைக்கால் நெல் விளையும் பூமி. காட்டு மரம் விளையும் பூமி அல்ல. இங்குள்ள பழைய வீடுகளின் தேக்குத் தூண்களும் உத்தரங்களும் பர்மாவிலிருந்து கப்பலேறி வந்தவை. மரத்தின் மேலே ஒருவர், கீழே ஒருவர் நின்று நீள ரம்பத்தை இழுத்து அறுத்த காலம் அது. அந்த இரண்டு பேரின் வேலையைத்தான் வட்ட ரம்பம் பிடுங்கிக்கொண்டது.

வட்ட ரம்பத்துக்கு 1777-லேயே இங்கிலாந்தில் காப்புரிமை பெற்றவர் சவுத்தாம்ப்டன் நகரத்துச் சாமுவேல் மில்லர். அமெரிக்காவில் டபிதா பாபிட் என்ற பெண்மணி 1813 வாக்கில் இதைக் கண்டுபிடித்தார் என்றொரு கதையும் வழங்குகிறது. ஆண்டுக் கணக்கைப் பார்த்தால் முந்தியவர் மில்லரே. துறைமுக ஊர்க்காரர்களான நமக்குச் சுவையான செய்தி ஒன்று உண்டு. போர்ட்ஸ்மத் கப்பல்தளத்தில் பாய்மரக் கயிறுகளுக்கான கப்பிகளைச் செய்ய மார்க் புரூனல் அமைத்த இயந்திர வரிசையில் வட்ட ரம்பங்களும் இருந்தன. 1808-ல் அங்கே ஆண்டுக்கு 1,30,000 கப்பிகள் தயாராயின.

இன்று நாம் காணும் மேசை வடிவத்துக்கு முன்மாதிரி என்று பலரும் சொல்வது, அமெரிக்காவின் டெல்டா நிறுவனம் 1939-ல் கொண்டுவந்த யூனிசா. அதற்கு முந்திய சிறிய இயந்திரங்கள் பலவற்றில் சாய்வாக வெட்ட வேண்டுமானால் மேசையையே சாய்க்க வேண்டும்; கனத்த பலகை சரிந்து விழும். யூனிசாவில் மேசை அசையாது, 10 அங்குலப் பிளேடுதான் சாயும். மோட்டார் பெட்டிக்குள் அடக்கம்; 3 பெல்ட்டுகள் சுற்றும். கனமான வார்ப்பிரும்பு என்பதால் அதிர்வும் குறைவு. ஆனால் அமெரிக்க மோட்டார் 60 சைக்கிள் மின்சாரத்துக்கானது. நம் 50 சைக்கிளில் அது ஆறில் ஒரு பங்கு வேகம் குறைந்தே ஓடும். மோட்டாரை மாற்றும் செலவையும் சேர்த்தே விலை பேச வேண்டும்.

மேசை மேல் உள்ள துருவுக்கு அஞ்ச வேண்டாம். நம் கடற்காற்றில் துரு பிடிக்காத இரும்பு ஏது? மண்ணெண்ணெயும் உப்புத்தாளும் போதும். குழி விழுந்திருந்தால்தான் யோசிக்க வேண்டும். பெல்ட்டைக் கழற்றிவிட்டு ஷாப்டைக் கையால் ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் பேரிங் போயிருக்கிறது. பேரிங் கடையில் கிடைக்கும். அடியில் வார்ப்பு விரிசல் விட்டிருந்தால் மட்டும் கும்பிட்டுவிட்டு வந்துவிடுங்கள்.

இனி அந்தப் பின்பக்கம். 10 அங்குலப் பிளேடு நிமிடத்துக்கு 4,000 சுற்று சுற்றினால், பல்லின் வேகம் மணிக்குச் சுமார் 190 கிலோமீட்டர். முன்பக்கப் பல் மரத்தைக் கீழே அழுத்தும். பின்பக்கப் பல் மேலே எழும்பும். அறுபட்ட மரம் உள்முறுக்கால் மூடிக்கொண்டு பின்பல்லைப் பிடித்தால், பலகை அறுப்பவர் மேலேயே பாயும். பலகை நழுவியதும் அதை அழுத்திக்கொண்டிருந்த கை பிளேடில் விழும். நான் அறிந்த ஒரு கடையில் இப்படித்தான் ஒரு தம்பி 2 விரல்களை இழந்தார். பிழைப்பே கையில்தானே!

இதைத் தடுப்பது பிளேடுக்குப் பின்னால் நிற்கும் ஒரு மெல்லிய இரும்புத் தகடு. ரைவிங் நைஃப் என்பார்கள். பிரிட்டனில் 1922-ஆம் ஆண்டு விதிகளே அதைக் கட்டாயமாக்கின. யூனிசாவிலோ 2009-ல் வந்த புது வடிவத்தில்தான் இடம்பெற்றது. அமெரிக்கரான ஸ்டீபன் காஸ் 1999-ல் உருவாக்கி, 2004-ல் விற்பனைக்கு வந்த சாஸ்டாப், விரல் பட்டதும் சில மில்லி விநாடிகளில் பிளேடை நிறுத்திவிடும். நிறுத்தும்போது பிளேடும் பிரேக்கும் வீணாகும். விலையும் நம் கொட்டகைக்கு எட்டாது. நம் நாட்டில் 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் ஆபத்தான பாகங்களுக்குத் தடுப்பு வேண்டும் என்றது. ஆனால் மின்சாரத்தில் இயங்கினாலும் 10 பேர் வேலை செய்தால்தான் தொழிற்சாலை என்றும் அது வரையறுத்தது. 3 பேர் வேலை பார்க்கும் மரக்கடையை எட்டிப் பார்க்க யார் வருவார்?

நண்பர் பார்த்த இயந்திரத்திலும் தகடு இல்லை. அது இருந்த இரண்டு போல்ட் துளைகள் மட்டும் இருந்தன. லேத் பட்டறையில் செய்துகொள்ளலாம் என்று முடிவாயிற்று. தகடு பிளேடின் உடலைவிடத் தடிமனாகவும் அறுப்பு வாயைவிட மெல்லியதாகவும் இருக்க வேண்டும். அறுப்பு 3 மில்லிமீட்டர், பிளேடின் உடல் 2.2 என்றால் தகடு 2.5 இருக்கலாம். பிளேடுக்கும் தகட்டுக்கும் இடைவெளி 8 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது. பிளேடு ஏறி இறங்கும்போது தகடும் கூடவே ஏறி இறங்க வேண்டும். இந்தச் செலவை விலையில் கழிக்கக் கேட்டோம். விற்றவரும் வணிகர்தானே, பாதிக்கு ஒப்புக்கொண்டார்.