சொந்த மண் – 9: பத்திரம் சொல்லாத கணக்கு

கிரையம் முடிந்து பட்டாவிலும் பெயர் மாறிவிட்டால் எல்லாம் தீர்ந்தது என்றுதான் விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் மனையோ வீடோ வாங்குகிற பலர் நினைக்கிறார்கள். வருமான வரித் துறைக்கு இதில் என்ன வேலை, நிலம் வாங்குவது செலவுதானே, வருமானம் இல்லையே என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. சொத்து வாங்கிய ஒரே காரணத்துக்காக ஒருவர் கணக்குத் தாக்கல் செய்தாக வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. தாக்கல் செய்தாலும், சாதாரணச் சம்பளக்காரர் நிரப்பும் படிவத்தில் வாங்கிய மனையைக் குறிப்பிட ஒரு கட்டம்கூடக் கிடையாது. சொத்து விவரப் பட்டியலைக் கேட்பதெல்லாம் ஆண்டு வருமானம் 1 கோடியைத் தாண்டியவர்களிடம்தான். இவ்வளவையும் ஒப்புக்கொண்ட பிறகும், சொத்து வாங்கிய ஆண்டில் ஒரு ரூபாய் வரி வராவிட்டாலும் கணக்குத் தாக்கல் செய்தே தீர வேண்டும் என்பதுதான் என் கட்சி. 2026 ஏப்ரல் முதல் புதிய வருமான வரிச் சட்டம். நான் இங்கே பேசுவது அதற்கு முன்பு, 1961 சட்டத்தின் கீழ் முடிந்த கிரையங்களைப் பற்றி.

நீங்கள் சொல்லாவிட்டாலும் துறைக்குச் செய்தி போய்விட்டது என்பதிலிருந்து தொடங்கலாம். 30 லட்சமும் அதற்கு மேலும் மதிப்புள்ள ஒவ்வொரு கிரையத்தையும், வாங்கியவர், விற்றவர் இருவரின் பான் எண்ணோடு சார்பதிவாளர் அலுவலகம் அடுத்த மே 31க்குள் வருமான வரித் துறைக்குத் தெரிவித்தாக வேண்டும். பத்திரத்தில் எழுதிய தொகை குறைவாக இருந்தாலும் வழிகாட்டி மதிப்பு அந்த அளவைத் தொட்டால் போதும். 30 லட்சம் என்ற இந்த வரம்பு 2004இல் வைத்தது. அன்றைக்குத் திண்டிவனத்தில் அந்த விலைக்குக் கைமாறிய சொத்துகளை விரல்விட்டு எண்ணியிருக்கலாம். இன்று விழுப்புரத்தில் ஒரு நடுத்தர வீடே அந்தக் கோட்டைத் தாண்டிவிடுகிறது. போதாததற்கு, 2024 ஜூலை 1 முதல் தமிழ்நாட்டில் வழிகாட்டி மதிப்பும் ஏறியது. ஆக, வாங்கியது துறைக்குத் தெரியும். பணம் எங்கிருந்து வந்தது என்பது மட்டும்தான் தெரியாது. பத்திரத்திலும் அதற்குப் பதில் இல்லை. அது உரிமைக்குச் சாட்சி, பணத்துக்குச் சாட்சி இல்லை.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 35 லட்சத்துக்கு ஒரு வீடு. முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம் என இன்னும் 3 லட்சத்து 15 ஆயிரம். (இந்தப் பணத்துக்கும் கணக்குக் காட்ட வேண்டும் என்பதைப் பெரும்பாலானோர் மறந்துவிடுகிறார்கள்.) வங்கிக் கடன் 20 லட்சம், ஊரில் விளைநிலத்தை விற்று வந்தது 10 லட்சம், மாமனார் கொடுத்தது 5 லட்சம், மீதி சேமிப்பு. இதில் ஒன்றுகூடக் கள்ளப் பணம் இல்லை. மாமனார் தந்த அன்பளிப்புக்குச் சட்டப்படி வரி கிடையாது. விற்ற விளைநிலம் நகராட்சி எல்லையிலிருந்து நேர்கோட்டில் 2 கிலோமீட்டருக்கு அப்பால் இருந்தால் அந்த லாபத்துக்கும் வரி இல்லை. 2011 கணக்கெடுப்பின்படி விழுப்புரம், திண்டிவனம் இரண்டிலும் மக்கள்தொகை ஒரு லட்சத்துக்குக் கீழ் என்பதால்தான் இங்கே 2 கிலோமீட்டர். பெரிய நகரங்களுக்கு இது 6, 8 என்று நீளும். ஆனால் பல ஆண்டுகளாக எந்தக் கணக்கும் தாக்கல் செய்யாத ஒருவர், நோட்டீஸ் வந்த பிறகு இதையெல்லாம் சொன்னால் அது விளக்கமாகத் தெரியாது, சாக்காகத்தான் தெரியும். விளக்கம் ஏற்கப்படாத தொகைக்கு 1961 சட்டத்தின் கீழ் வரி 60 சதவீதம். கூடுதல் வரிகளும் சேர்ந்தால் 78. பத்து லட்சத்துக்கு 7 லட்சத்து 80 ஆயிரம். அபராதம் தனி.

'எனக்கு வருமானமே 12 லட்சத்துக்குள், வரி இல்லையே' என்பவர்கள் உண்டு. 2025 பட்ஜெட் தந்த இந்தச் சலுகையைப் பலர் தப்பாகப் புரிந்துகொண்டார்கள். புதிய வரி முறையில் 4 லட்சத்தைத் தாண்டினாலே தாக்கல் கட்டாயம். தள்ளுபடி அதற்குப் பிறகுதான். விவசாயிகளின் வாதம் இதைவிடக் கனமானது: விளைச்சல் வருமானத்துக்கு வரியே இல்லாதபோது தாக்கல் எதற்கு? மணிலாவும் கரும்பும் விற்று வந்த பணத்தில் டவுனில் மனை வாங்கும் மாவட்டம் இது. என் பதில், வரி இல்லாத வருமானத்தைப் பதிந்து வைக்கவும் அந்தப் படிவம்தான் இடம். விவசாய வருமானம் 5 லட்சத்தைத் தாண்டினால் நிலம் எந்த மாவட்டம், எத்தனை ஏக்கர், சொந்தமா குத்தகையா, பாசனமா மானாவாரியா என்று படிவமே கேட்கிறது. சிட்டா, அடங்கல், மில் பில் கையில் உள்ளவருக்கு இந்தக் கேள்விகள் தொல்லை இல்லை, பாதுகாப்பு.

ரொக்கத்தில் பாதி கொடுத்துவிட்டோம், இப்போது கணக்குக் காட்டினால் மாட்டிக்கொள்வோமே என்பதுதான் பலரும் வாய்விட்டுச் சொல்லாத ஆட்சேபம். நிலக் கிரையத்துக்கு 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவது 2015 ஜூன் முதல் குற்றம். வாங்கிய தொகை அளவுக்கே அபராதம். அது விற்பவர் தலையில் விழுவதால் வாங்குபவர் தனக்குப் பாதிப்பில்லை என்று நினைக்கிறார். ஆனால் 50 லட்சம் கொடுத்து 30 லட்சம் என்று எழுதியவர், நாளை 60 லட்சத்துக்கு விற்கும்போது லாபம் 10 லட்சம் இல்லை, 30 லட்சம். இல்லாத 20 லட்ச லாபத்துக்கு 12.5 சதவீதம் என்றால் இரண்டரை லட்சம் அவர் கையிலிருந்து போகும். கணக்குத் தாக்கல் இந்தத் தவறைச் சரிசெய்யாது, உண்மைதான். அடுத்த முறை இப்படி எழுத வேண்டாம் என்பதற்கு அது ஒரு காரணம், அவ்வளவே.

மனைவி பெயரில் வாங்குவோருக்கு மட்டும் தனியாக ஒரு வார்த்தை. கணவர் பணம் தருவதில் தப்பில்லை, அந்த அன்பளிப்புக்கு வரியும் இல்லை. ஆனால் பத்திரத்தில் இருப்பது மனைவியின் பான் எண். நோட்டீஸும் இதுவரை ஒரு முறைகூடத் தாக்கல் செய்யாத அவர் பெயருக்குத்தான் வரும். வீட்டை வாடகைக்கு விட்டால் அந்த வருமானமோ கணவர் கணக்கில் சேரும். எனவே இருவரும் தாக்கல் செய்யுங்கள். பணத்தை வங்கி வழியாக மாற்றுங்கள். மாமனார் தந்ததற்கு ஒரு பக்கத்தில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். வீட்டுக் கடன் வட்டிக்குப் பழைய வரி முறையில் கழிவு வேண்டும் என்றால், கெடு தேதிக்குள் தாக்கல் செய்பவருக்குத்தான் அது கிடைக்கும். சம்பளக்காரர்களுக்கு வழக்கமான கெடு ஜூலை 31.