பனிச்சரிவில் சிக்கினால் உங்களைக் காப்பாற்றப் போவது யாருடைய கருவி?

பனிமலையின் செங்குத்தான சரிவில், பின்னால் வெண்புழுதி பறக்க, ஸ்னோமொபைலில் ஒருவர் சீறிக்கொண்டு ஏறும் ரீல்ஸை நிறைய பேர் பார்த்திருப்போம். 'செம!' என்று ஒரு லைக் போட்டுவிட்டு அடுத்த வீடியோவுக்குப் போய்விடுவோம். அந்தச் சரிவு அப்படியே பெயர்ந்து விழுந்தால் அவரைத் தோண்டி எடுக்க யாரிடம் என்ன இருக்கிறது என்பது மட்டும் வீடியோவில் தெரியாது.

கனடாவின் மேற்கு ஓரத்தில் இருக்கும் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணம் இந்தக் கேள்வியைப் பலமுறை சந்தித்திருக்கிறது. 2008 டிசம்பர் 28 அன்று, ஃபெர்னி நகருக்கு அருகே உள்ள மலைப்பகுதியில் 11 ஸ்னோமொபைல் ஓட்டிகள் பனிச்சரிவில் சிக்கினார்கள். முதலில் புதைந்தவர்களை மற்றவர்கள் தோண்டிக்கொண்டிருந்தபோதே அடுத்த சரிவு வந்து விழுந்தது. 8 பேர் இறந்தார்கள். பிழைத்தவர்கள் 3 பேர்தான். இறந்தவர்கள் எல்லோரும் ஸ்பார்வுட் என்ற சிறிய சுரங்க நகரத்து ஆட்கள்.

அந்த ஒரே குளிர்காலத்தில் அந்த மாகாணத்தில் 19 ஸ்னோமொபைல் ஓட்டிகள் பனிச்சரிவுகளில் உயிரிழந்தார்கள். மரண விசாரணைத் துறை இதற்கென்றே ஒரு குழு அமைத்து ஆராய்ந்தது.

சத்தம் போட்டால் பனி சரியுமா?

சினிமாவில் ஒருவர் கத்துவார், மலையே இடிந்து வரும். நிஜத்தில் அப்படி நடப்பதில்லை. பிரச்சினை எடை. மலையில் பனி அடுக்கடுக்காகச் சேர்கிறது. நடுவில் ஒரு அடுக்கு பலவீனமாக இருந்து, அதன்மேல் உள்ள பனி பலகைபோல் இறுகியிருந்தால் ஆபத்து தயாராக இருக்கிறது என்று அர்த்தம். அதன்மேல் ஆளும் வண்டியும் ஏறும்போது பலவீனமான அடுக்கு நொறுங்கும். மேலே இருக்கும் மொத்தப் பலகையும் வழுக்கி இறங்கும்.

இப்படிச் சரிவது பெரும்பாலும் 30 முதல் 45 டிகிரி வரை சாய்ந்த சரிவுகளில். ஸ்னோமொபைல் ஓட்டிகளுக்கு ரொம்பப் பிடித்த சரிவுகளும் அவைதான். பனிச்சறுக்கு வீரர் நாள் முழுக்கக் கஷ்டப்பட்டு ஏறி இறங்குவது சில சரிவுகள்தான். ஸ்னோமொபைலில் போகிறவர் அதைவிடப் பல மடங்கு இடங்களைத் தொட்டுவிடுவார். ஜாலியும் அதிகம், ரிஸ்க்கும் அதிகம்.

இன்னொன்றும் உண்டு. பனிச்சரிவில் சிக்குகிறவர்களில் பெரும்பாலானோர் விஷயத்தில், சரிவைக் கிளப்பிவிடுவது அவரேதான், அல்லது அவரோடு வந்தவர். 'இயற்கைச் சீற்றம்' என்று சொல்லிக் கையைக் கழுவ முடியாது.

பத்து நிமிடக் கணக்கு

பனிக்குள் புதைந்தவரை சுமார் 10 நிமிடத்துக்குள் வெளியே எடுத்துவிட்டால் பிழைக்கும் வாய்ப்பு மிக அதிகம். சுவிட்சர்லாந்து தரவுகளை வைத்து 2024-ல் வெளியான ஆய்வின்படி, அந்த நேரத்துக்குள் எடுக்கப்பட்டவர்களில் 90 சதவீதத்துக்கு மேல் பிழைத்தார்கள். அரை மணி நேரம் ஆனால் அது கிட்டத்தட்ட 30 சதவீதமாகச் சரிகிறது. காரணம் பெரும்பாலும் மூச்சுத்திணறல்.

பிரிட்டிஷ் கொலம்பியாவின் தேடல் மீட்புக் குழுவினர் தன்னார்வலர்கள். கட்டணம்கூட வாங்குவதில்லை. ஆனால் தகவல் போய், ஆட்கள் கிளம்பி, ஹெலிகாப்டர் வந்து சேர்வதற்குள் அந்த 10 நிமிடம் முடிந்துவிடும். அதனால் உண்மையான ஆம்புலன்ஸ், பக்கத்தில் வண்டி ஓட்டிக்கொண்டு வந்த நண்பர்தான்.

என்னென்ன இருக்க வேண்டும்?

*டிரான்ஸீவர்:* உடம்போடு கட்டிக்கொள்ளும் சிறிய கருவி. 457 கிலோஹெர்ட்ஸ் அலைவரிசையில் சிக்னல் அனுப்பிக்கொண்டே இருக்கும். எந்த கம்பெனி தயாரித்தாலும் இதே அலைவரிசைதான். ஒருவர் புதைந்தால், மற்றவர்கள் தங்கள் கருவியைத் தேடும் நிலைக்கு மாற்றி அவர் இருக்கும் இடத்தை நெருங்குவார்கள்.

*புரோப்:* கூடாரக் கம்பி மாதிரி மடக்கி வைக்கும் நீளக் கம்பி. விரித்தால் இரண்டரை, மூன்று மீட்டர் வரும். குத்திப் பார்த்து, ஆள் சரியாக எங்கே, எவ்வளவு ஆழத்தில் இருக்கிறார் என்று கண்டுபிடிக்க.

*ஷவல்:* உலோகத்தில் செய்ததாக இருக்க வேண்டும். சரிந்து நின்ற பனி கான்கிரீட் போல இறுகிவிடும், பிளாஸ்டிக் உடைந்துபோகும். வெறும் கையால் தோண்டுவது கிட்டத்தட்ட முடியாத காரியம்.

மூன்றில் ஒன்று இல்லாவிட்டாலும் மற்ற இரண்டால் பெரிய பிரயோஜனம் இல்லை. டிரான்ஸீவர் இடத்தைக் காட்டும், ஆனால் தோண்டாது.

இங்கேதான் முக்கியமான விஷயம் வருகிறது. நீங்கள் புதைந்துவிட்டால் உங்கள் பையில் இருக்கும் ஷவல் உங்களுக்கு உதவாது. அது உங்களோடு சேர்ந்து புதைந்து கிடக்கும். உங்களைத் தோண்டப் போவது நண்பரின் ஷவல். அவரைத் தோண்டப் போவது உங்களுடையது. 'என் உயிர், என் ரிஸ்க், எனக்குக் கருவி வேண்டாம்' என்று ஒருவர் சொன்னால், உண்மையில் அவர் பணயம் வைப்பது கூட வந்தவரின் உயிரை.

வண்டியில் கட்டி வைத்தால் போதாதா?

போதாது. ஸ்னோமொபைல் ஓட்டிகள் செய்யும் வழக்கமான தவறு இது. பாரம் வேண்டாம் என்று ஷவலையும் புரோப்பையும் வண்டியின் பின்னால் கட்டிவிடுவார்கள். பனி அடிக்கும்போது ஆள் ஒரு பக்கம், வண்டி ஒரு பக்கம். வண்டி புதைந்துவிட்டால் உயிரோடு நிற்பவர் கையில் ஒன்றும் இருக்காது. அதனால் டிரான்ஸீவர் உடம்பில், மற்ற இரண்டும் முதுகுப் பையில்.

செல்போனையும் கவனிக்க வேண்டும். எலக்ட்ரானிக் பொருட்கள் டிரான்ஸீவரின் சிக்னலைக் குழப்பும். அனுப்பும் நிலையில் குறைந்தது 20 சென்டிமீட்டர், தேடும்போது 50 சென்டிமீட்டர் தள்ளி வைக்க வேண்டும் என்பது பொதுவான அறிவுரை.

ஏர்பேக் இருந்தால் பயமில்லையா?

கைப்பிடியை இழுத்தால் முதுகுப் பையிலிருந்து பலூன் விரிந்து, ஆளைப் பனியின் மேற்பரப்புக்கு அருகே வைத்திருக்க உதவும். 2014-ல் வெளியான ஓர் ஆய்வு, மோசமாகச் சிக்கியவர்களில் இறப்பு விகிதத்தை இது 22 சதவீதத்திலிருந்து 11 ஆகக் குறைக்கிறது என்று கணக்கிட்டது. நல்ல பாதுகாப்புதான். ஆனால் 5 பேரில் ஒருவருக்கு அது விரியவே இல்லை. பல சமயம் கைப்பிடியை இழுக்க முடியாமல் போனதுதான் காரணம். மரத்திலோ பாறையிலோ மோதி ஏற்படும் காயத்துக்கும் ஏர்பேக் முழுப் பதில் இல்லை.

அப்படியென்றால் முதல் பாதுகாப்பு எது?

சிக்காமல் இருப்பது. 2010 மார்ச் 13 அன்று ரெவல்ஸ்டோக் அருகே போல்டர் மலையில் சுமார் 200 பேர் கூடியிருந்தார்கள். ஸ்னோமொபைலில் யார் உயரமாக ஏறுகிறார்கள் என்று பார்க்கும் சந்திப்பு அது. பனிச்சரிவு அபாயம் அதிகம் என்று முன்பே எச்சரிக்கை வந்திருந்தது. சரிவு வந்தது. 2 பேர் இறந்தார்கள், சுமார் 30 பேர் காயமடைந்தார்கள். சிக்கியவர்களில் பலர் கீழே நின்று வேடிக்கை பார்த்தவர்கள்.

அவலாஞ்ச் கனடா அமைப்பு, குளிர்காலத்தில் தினமும் பகுதிவாரியாக 1 முதல் 5 வரை அபாய நிலையை இலவசமாக வெளியிடுகிறது. காலையில் அதைப் பார்க்க இரண்டு நிமிடம் போதும். மலைக்குப் போனபின் சில விதிகள்:

- ஒரு சரிவில் ஒரு நேரத்தில் ஒருவர் மட்டும்.
- ஒருவர் வண்டி மேலே மாட்டிக்கொண்டால், உதவுகிறேன் என்று இரண்டாவது வண்டி ஏறக் கூடாது. கூடுதல் எடை சரிவை உடைக்கலாம்.
- சரிவின் அடிவாரத்தில் நிறுத்தவோ சாப்பிடவோ கூடாது.
- கிளம்பும் முன் ஒவ்வொருவரின் டிரான்ஸீவரும் வேலை செய்கிறதா என்று ஒருவருக்கொருவர் சோதிக்க வேண்டும்.

கருவி வாங்குவது சுலபம். கை நடுங்கும் குளிரில், பதற்றத்தில், அதை இயக்கப் பழகுவதுதான் கஷ்டம். இரண்டு நாள் அடிப்படைப் பயிற்சி வகுப்புகள் அதற்காகத்தான் இருக்கின்றன.

பனிமலையின் வாசலில் டிக்கெட் கிழித்து, பையைச் சோதித்து உள்ளே அனுப்பும் ஆள் யாருமில்லை. அந்த வேலையைக் கூட வருபவர்களே செய்ய வேண்டும். 'உன் ஷவல் எங்கே? கடைசியா எப்போ பயிற்சி எடுத்தே?' என்று நண்பரிடம் கேட்பது கொஞ்சம் சங்கடம்தான். பதில் சரியில்லை என்றால், 'இன்னிக்கு வேண்டாம்டா' என்று சொல்வது அதைவிடச் சங்கடம். ஆனாலும், வண்டியை ஸ்டார்ட் செய்வதற்கு முன்பு சொல்லிவிட வேண்டும்.