இதுவும் ஓர் அழுத்தம்தான்!

செய்முறைத் தேர்வு நடந்துகொண்டிருந்தது. என் மாணவன் ஒருவன் திருகு அளவியால் கம்பியின் விட்டத்தைச் சரியாக அளந்து முடித்திருந்தான். புறத்தேர்வாளர் ஆங்கிலத்தில் கேட்டார்: "மைக்ராமிட்டர் என்றால் என்ன?" அவன் தயங்காமல், "ஒரு மீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு" என்றான். அவர் கேட்டதோ அவன் கையிலிருந்த கருவியைப் பற்றி! திருகு அளவிக்கு அப்படியும் ஒரு பெயர் உண்டு. விடை தெரிந்தும் மதிப்பெண் போயிற்று.

அவன் தவறியது இயற்பியலில் அல்ல, ஒலியில்தான்.

'மைக்ரோ' ஒரு முன்னொட்டு. அலகைச் சொல்லும்போது மை-க்ரோ-மீ-ட்டர் என்று அசை பிரியும். அழுத்தம் முதல் அசையில் விழும். முன்னொட்டு உடையாமல் நிற்கும். கருவியைச் சொல்லும்போதோ மை-க்ராம்-இ-ட்டர். அழுத்தம் இரண்டாம் அசைக்குத் தாவுகிறது. 'மீ' என்னும் நெடில் குறுகி, அதன் மகர ஒலி முந்தைய அசையோடு ஒட்டிக்கொள்கிறது. ஆங்கிலேயர் கடைசி இரண்டு எழுத்துகளை இடம் மாற்றி இரண்டையும் வேறுபடுத்தி எழுதுவர். அமெரிக்கர் இரண்டையும் ஒன்றுபோலவே எழுதுவர். பேச்சில் நமக்குக் காதுதான் துணை!

இந்த அழுத்தம் பாஸ்கலில் அளக்கும் அழுத்தம் அல்ல. அழுத்தம் பெறும் அசை பொதுவாகச் சற்று உரக்கவும், நீண்டும், சுருதி மாறியும் ஒலிக்கும். தமிழில் 'படம்', 'பாடம்' என்று குறிலும் நெடிலும் பொருளைப் பிரிக்கின்றன, அழுத்தம் பிரிப்பதில்லை. அதனால்தான் நம் காது அதைக் கவனியாமல் விட்டுவிடுகிறது.

நினைவில் வைக்க எளிய வழி இதோ. சென்டிமீட்டர், மில்லிமீட்டர் போன்ற அலகுகளில் அழுத்தம் முன்னொட்டின் முதல் அசையில். தெர்மாமிட்டர், ஸ்பெக்ட்ராமிட்டர் போன்ற கருவிகளில் 'ஆம்' என்று ஒலிக்கும் நடு அசையில். வோல்ட்மீட்டர், அம்மீட்டர் ஆகியவை விலக்கு. கருவிகளானாலும் முதல் அசையிலேயே அழுத்தம் பெறும். கிலோமீட்டரை ஆங்கிலேயரிலேயே பலர் கருவிபோல் ஒலிக்கின்றனர். ஆனால் முதல் அசையை அழுத்துவதே அலகுக் குடும்பத்துக்குப் பொருந்தும்.

மாணவ நண்பர்களே, திருகு அளவியின் மீச்சிற்றளவு 0.01 மில்லிமீட்டர் அல்லவா? அழுத்தம் வரும் இடத்தில் மேசையைத் தட்டி, இதை உரக்கச் சொல்லிப் பாருங்கள்: "மைக்ராமிட்டரின் ஒரு தலைக்கோல் பிரிவு 10 மைக்ரோமீட்டர்." தட்டும் இடம் மாறுகிறதா? அடுத்த தேர்வில் நீங்கள் ஏமாற மாட்டீர்கள்!