வாழ்த்து மடலிற் பொன்னிறம்

1991ஆம் ஆண்டுப் போரினாற் புங்குடுதீவு மக்கள் பலர் ஊர்விட்டுப் பெயர்ந்தனர். இன்று பாரிசிலும் தொறன்றோவிலும் வாழும் உறவினருக்குத் தீவிலிருந்து கையாற் செய்த பொங்கல் மடலொன்று சென்றால் அதன் மதிப்பே வேறு. அம்மடலிற் பொன்னிறம் பதிப்பது எங்ஙனம்?

காக்காய்ப்பொன்னைத் தமிழர் நெடுங்காலமாக அறிவர். தஞ்சாவூர் ஓவியத்துக்கு உரியதோ மெய்ப்பொன் இதழ். பொன்னை மில்லிமீற்றரின் பத்தாயிரத்தில் ஒரு பங்கு வரையும் மெலிதாக அடித்தெடுக்கலாம். செம்பும் துத்தநாகமும் கலந்த போலி இதழ் மலிவானது. ஆயினும் கடல் சூழ்ந்த ஊரில் உப்புக்காற்றுப் பட்டால் அது விரைவிற் கறுத்துவிடும். இக்காலத்துக் கடைகளில் விற்கும் மினுக்குத்தாளோ, மெல்லிய பிளாஸ்டிக் தாளின்மேல் அலுமினியத்தை ஆவியாக்கிப் படியவைத்து மஞ்சட் சாயமேற்றியது. அதிற் பொன் அணுவளவும் இல்லை. எனினும் மேற்பூச்சின் காவலால் எளிதில் மங்காது.

முதலில் வெண்பசையாற் பூரணகும்பத்தையோ கோலத்தையோ வரைதல் வேண்டும். உடனே தாளை ஒட்டிக் கெடுப்போரே பலர். பால்போன்ற பசை தெளிந்து, விரலில் ஒட்டும் பதம் வரும்வரை பொறுத்தல் வேண்டும். மாரிகாலத்தில் இதற்கு நேரம் மிகும். பின்னர் நிறப்பக்கம் மேலிருக்குமாறு தாளை வைத்து அழுத்தித் தேய்த்து மெல்ல உரித்தால், பசையுள்ள இடத்தில் மட்டும் பொன்னிறம் தங்கும்.

பனங்குருத்தோலை வழுவழுப்பானது, பசை நன்கு பற்றாது. ஆதலின் ஓலையில் வெட்டிய உருவை அட்டையில் ஒட்டி, அதனைச் சுற்றிப் பொன்வரை இடுதல் நன்று. மடிப்புக் கோட்டின்மேல் அவ்வரை செல்லலாகாது. தபாலிற் போய்ச் சேருமுன் வெடித்து உதிர்ந்துவிடும்.