மூக்கை மூடி ஒரு மூச்சுப் பயிற்சி!

அந்தமானுக்கு டிக்கெட் போட்டாச்சா? ஹேவ்லாக் தீவில் (2018-லிருந்து ஸ்வராஜ் தீப்) எலிஃபன்ட் பீச்சுக்குப் போனால், கண்ணாடி மாஸ்க்கை மாட்டி, வாயில் குழாயைக் கொடுத்து உங்களைக் கடலில் மிதக்க விடுவார்கள். அதுதான் ஸ்நார்கெலிங். நீச்சல் தெரியாதவர்கள்கூட லைஃப் ஜாக்கெட்டோடு, துணைக்கு ஆளோடு, பவளப்பாறைகளைப் பார்க்கலாம்.

முதல்முறை இறங்குபவரைப் பதற வைப்பது கடல் இல்லை, மூக்கு! மாஸ்க் மூக்கை அடைத்ததும் 'ஐயோ, மூச்சு முட்டுதே' என்று மேல்மூச்சு வாங்க ஆரம்பிப்பார்கள். சாதாரணமாக நாம் ஒரு தடவை இழுப்பது சுமார் 500 மி.லி. காற்று. அதில் 150 மி.லி. தொண்டை, மூச்சுக்குழாயோடு நின்றுவிடும்; நுரையீரலின் காற்றறைகளை எட்டாது. ஸ்நார்கெல் குழாய் அந்த வீண் பங்கை இன்னும் கூட்டுகிறது. அவசர மூச்சில் பழைய காற்றேதான் போய் வரும். நிதானமாக, ஆழமாக இழுங்கள். அதைவிட நீளமாக விடுங்கள்.

இதை வீட்டிலேயே பழகலாம். மாஸ்க், குழாயோடு அகலமான டப் தண்ணீரில் முகத்தை வைத்து, தினம் ஐந்து நிமிடம். பக்கத்தில் ஒருவர் இருக்கட்டும்.

'குழாய் நீளமா இருந்தா இன்னும் ஆழமா போகலாமே டாக்டர்?' என்று பையன்கள் கேட்பார்கள். சினிமாவில் மூங்கில் குழாயோடு குளத்தில் ஒளிகிற ஹீரோ செய்கிற வேலை! ஒரு மீட்டர் ஆழத்திலேயே தண்ணீரின் அழுத்தம் நெஞ்சை விரிய விடாது.

யோகா கிளாஸில் கும்பகம் பழகியவர்களே, உங்களுக்குத்தான் கண்டிப்பாகச் சொல்கிறேன். வேகவேகமாக மூச்சை இழுத்துவிட்டு, பிறகு அடக்கிக்கொண்டு முங்காதீர்கள். ரத்தத்தில் கரியமில வாயு ஏறினால்தான் 'மூச்சு விடு' என்று மூளையில் மணி அடிக்கும். அதை முன்கூட்டியே ஊதித் தள்ளிவிட்டால், பிராணவாயு தீர்ந்தாலும் மணி அடிக்காது. தண்ணீருக்குள்ளேயே நினைவு தப்பிவிடும். நல்ல நீச்சல்காரர்களே இப்படி உயிரை விட்டிருக்கிறார்கள்.

இதய நோய், கட்டுப்படாத ரத்தக்கொதிப்பு, ஆஸ்துமா, வலிப்பு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் இறங்கவே கூடாது. இதற்கு என்னிடம் லேகியம் கிடையாது!

குழாயில் தண்ணீர் ஏறினால் 'தூ' என்று பலமாக ஊதுங்கள். பெரிய மீசைக்காரர்களுக்கு மாஸ்க் ஓரம் கசியும். தலையைத் தூக்கி வடித்தால் போதும். பவளத்தை மிதிக்காதீர்கள், அதற்கும் உயிர் உண்டு. உங்கள் காலையும் கிழித்துவிடும். மறக்காமல் முழுக்கை பனியன் போட்டுக்கொள்ளுங்கள். குப்புற மிதக்கும்போது வெயிலெல்லாம் முதுகில்தான்!