குரூப் 4 எழுதப் போறீங்களா? முதல்ல உங்க போனைப் பழக்குங்க!

டிஎன்பிஎஸ்சி அறிவிப்பு வந்த அன்னைக்கு எல்லோருக்கும் ஒரு வேகம் வரும். டெலிகிராம் குரூப்ல சேருவோம், நாற்பது பிடிஎஃப் இறக்குவோம், புது நோட்டு வாங்குவோம். பத்தாவது நாள் பார்த்தால் நோட்டில் நாலு பக்கம்தான் எழுதியிருக்கும். பிடிஎஃப்கள் போனின் மெமரியை நிரப்பிக்கொண்டு சும்மா கிடக்கும். உங்களுக்கும் இப்படி நடந்திருந்தால் கவலைப்படாதீங்க. நம்மில் பெரும்பாலானவர்களிடம் குறைவது ஆர்வம் இல்லை, பழக்கம்தான்.

முதலில் தேர்வின் கணக்கைப் பார்ப்போம். குரூப் 4 தேர்வில் மொத்தம் 200 கேள்விகள், 300 மதிப்பெண்கள், 3 மணி நேரம். அதாவது ஒரு கேள்விக்கு 54 வினாடிகள். அதற்குள் படித்து, யோசித்து, ஓஎம்ஆர் தாளில் வட்டத்தையும் நிரப்ப வேண்டும். 100 கேள்விகள் தமிழில் இருந்து வரும். அந்தப் பகுதியில் 150க்கு 60 மதிப்பெண், அதாவது குறைந்தது 40 சரியான விடைகள் இல்லாவிட்டால் மீதி விடைகளைத் திருத்தவே மாட்டார்கள். "தமிழ்தானே, பார்த்துக்கலாம்" என்று கடைசி வாரத்துக்குத் தள்ளி வைப்பவர்கள் இதைக் கொஞ்சம் கவனிக்கணும்.

எல்லோரும் பயப்படுவது கணக்கைப் பார்த்துத்தான். திறனறிவில் 25 கேள்விகள், 37.5 மதிப்பெண். விழுக்காடு, விகிதம், மீ.பொ.கா., மீ.சி.ம., தனிவட்டி, கூட்டு வட்டி, பரப்பளவு, நேரமும் வேலையும் என்று தலைப்புகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். எல்லாமே பத்தாம் வகுப்புத் தரம்தான். ஒரே ஞாயிற்றுக்கிழமையில் 60 கணக்கு போட்டால் திங்கட்கிழமை கை வலிக்கும், அடுத்த வாரம் பாதி மறந்திருக்கும். அதையே தினமும் 5 கணக்கு என்று போட்டால் ஒரு மாதத்தில் 150 ஆகிவிடும்.

எப்போது போடுவது? "நேரம் கிடைக்கும்போது" என்று வைத்தால் நேரம் கிடைக்கவே கிடைக்காது. நீங்கள் ஏற்கெனவே தவறாமல் செய்கிற ஒரு வேலையோடு இதை முடிச்சுப் போட்டுவிடுங்கள். காலையில் டீ குடித்து டம்ளரைக் கீழே வைத்ததும் 5 கணக்கு. வேலைக்குப் போகும் பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தால் ஒரு இயல் தமிழ். ஆறாம் வகுப்பு முதல் எல்லாப் பாடப்புத்தகங்களும் தமிழ்நாடு பாடநூல் கழகத்தின் இணையதளத்தில் இலவசமாகவே இருக்கின்றன. ஒரு நாள் விட்டுப்போச்சா? விடுங்க. மறுநாள் 10 கணக்கு போட்டு ஈடுகட்டப் பார்க்காதீங்க, அந்தச் சுமைதான் மூன்றாவது நாளையும் கெடுக்கும். வழக்கமான 5 போதும்.

இப்போது போன் விஷயம். செட்டிங்ஸில் போய் நேற்று எந்தச் செயலியில் எவ்வளவு நேரம் இருந்தீர்கள் என்று ஒருமுறை பாருங்கள். எனக்கு ரீல்ஸ் மட்டும் 2 மணி நேரத்துக்கு மேல் காட்டியது (அதில் பாதி சமையல் வீடியோ, நான் சமைக்கவே மாட்டேன்!). அந்தச் செயலிக்கு நாளொன்றுக்கு இவ்வளவு நிமிடம்தான் என்று அங்கேயே வரம்பு வைக்கலாம். முதல் பக்கத்தில் இருந்து அதைத் தூக்கிவிட்டு, அந்த இடத்தில் பாடப்புத்தக பிடிஎஃப்பை வையுங்கள். கை பழகிய இடத்துக்குத்தான் போகும்.

வீட்டில் சத்தம், இடமில்லை என்பவர்கள் உங்கள் மாவட்ட வேலைவாய்ப்பு மற்றும் தொழில்நெறி வழிகாட்டும் மையத்துக்கு ஒரு நடை போய்ப் பாருங்கள். அங்கே இயங்கும் தன்னார்வ பயிலும் வட்டத்தில் போட்டித் தேர்வுக்கு இலவசப் பயிற்சி, புத்தகங்கள், மாதிரித் தேர்வுகள் உண்டு. நேரில் போக முடியாதவர்களுக்கு அதே துறையின் மெய்நிகர் கற்றல் இணையதளம் இருக்கிறது. பழைய வினாத்தாள்கள் டிஎன்பிஎஸ்சி தளத்திலேயே கிடைக்கும், அதற்குக் காசு கொடுக்க வேண்டாம். மாதம் இரண்டு முறையாவது கடிகாரத்தை வைத்துக்கொண்டு, கருப்பு பால்பாயிண்ட் பேனாவால் முழுத் தாளையும் எழுதிப் பாருங்கள்.

படிப்பைவிட நான் அதிகம் சொல்ல நினைப்பது காகிதங்களைப் பற்றித்தான். கல்லூரி முடித்த வருடம் கடைசி நாள் ராத்திரி 10 மணிக்கு விண்ணப்பிக்க உட்கார்ந்தேன். நிரந்தரப் பதிவின் பாஸ்வேர்ட் மறந்துபோச்சு. சரி, ஓடிபி வரும் என்று பார்த்தால், பதிவில் இருந்தது நான் எப்போதோ விட்டுவிட்ட பழைய நம்பர். 12 மணி அடித்தது, அந்த வருடமே போனது. தப்பு முழுக்க என்னுடையதுதான்.

அதனால் மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை அரை மணி நேரம் இதற்கென்று ஒதுக்குங்கள். நிரந்தரப் பதிவு 5 ஆண்டுகளுக்குத்தான் செல்லும். வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவை 3 ஆண்டுக்கு ஒருமுறை ஆன்லைனிலேயே புதுப்பிக்கணும், தவறினால் பதிவு மூப்பு போய்விடும். இரண்டு தேதிகளையும் போன் காலண்டரில் ஒரு மாதம் முன்னதாகவே நினைவூட்டலாகப் போடுங்கள். மதிப்பெண் பட்டியல், சாதிச் சான்றிதழ் எல்லாம் டிஜிலாக்கரிலோ தனி ஃபோல்டரிலோ தெளிவான பெயரோடு இருக்கட்டும்.

தமிழ் வழியில் படித்தவர்களுக்கு 20 சதவீத முன்னுரிமை இருக்கிறது. குரூப் 4க்கு அதைக் கேட்க, 1 முதல் 10ஆம் வகுப்பு வரை தமிழ் வழியில் படித்ததாகச் சான்று வேண்டும். இரண்டு மூன்று பள்ளி மாறியவர்கள் ஒவ்வொரு பள்ளியிலும் தலைமை ஆசிரியரிடம் வாங்க வேண்டியிருக்கும். கோடை விடுமுறையில் போனால் கேட் பூட்டியிருக்கலாம். பள்ளி திறந்திருக்கும் நாளாகப் பார்த்து, இந்த வாரமே ஒரு போன் போட்டுக் கேட்டுட்டுக் கிளம்புங்க.